சாவி கொடுத்தால் நாலு நிமிடம்

போன ஞாயிறு சாயங்காலம் ஆறேகால் மணிக்கு, செங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில், நான் பழுது பார்த்த பழைய கிராமபோனில், பீத்தோவனின் எக்மாண்ட் முன்னிசை இரண்டு பக்கமும் இழுவாமல் ஓடி முடிந்தது. கேட்க வந்தவர்கள் ஐந்து பேர். இதற்கு எனக்கு ஐந்து மாதம், நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய், இடது பெருவிரலுக்குக் கீழே மூன்று தையல் ஆனது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பெட்டி கிடைத்தது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில். நம்மூரில் பழைய இரும்புக் கடை என்போம். ஆரியங்காவு தாண்டினால் அதுவே ஆக்ரிக் கடை. தென்மலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸுக்கு நின்ற இடத்தில், பழைய ஃபேன் றெக்கைகளுக்கும் குக்கர் மூடிகளுக்கும் நடுவே கறுப்புத் துணி ஒட்டிய பெட்டி ஒன்று கிடந்தது. திறந்தால் கிராமபோன். கரண்ட் வேண்டாத, சாவி கொடுத்து ஓட்டும் ரகம்; மூடிவிட்டால் கைப்பிடியைப் பிடித்து எடுத்துக்கொண்டு போகலாம். கூடவே ஒரு மரப்பெட்டியில் பதினான்கு தட்டுகள். ஏதோ எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது வந்த சாமான் என்றார் கடைக்காரர். "பாடும் அண்ணா, சாவி மட்டும் பிடிக்கல." சாவி பிடிக்காவிட்டால் அது பாடவே பாடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. நாலாயிரத்தில் தொடங்கிய பேரம் 2,800-இல் முடிந்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் தெருவில் அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்விதான்: "கிட்டப்பா பிளேட் இருக்கா?" நாடகப் பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பா பிறந்த ஊரில் வேறென்ன கேட்பார்கள். 27 வயதில், 1933-இல் போய்ச் சேர்ந்த மனுஷர். அவர் குரல் இந்த மாதிரித் தட்டுகளில்தான் மிச்சம். ஆனால் என் பெட்டியில் இல்லை. எட்டு தட்டு தமிழ், மலையாள நாடகப் பாட்டும் வசனமும். மூன்று தட்டு வெள்ளைக்காரர்கள் ஆடுவதற்கான இசை. ஒன்று இரண்டாக உடைந்திருந்தது. ஒன்றில் லேபிள் பாதி கிழிந்து எண் மட்டும் தெரிந்தது. பிற்பாடு வாங்கிய ஊசியைச் சோதிக்க அதைத்தான் ஓட்டிப் பார்ப்பேன் என்பதால் அதற்கு 'பலியாடு' என்று பெயர். கடைசி ஒன்றில் 'எக்மாண்ட்', 'பீத்தோவன்' என்ற இரண்டு பெயரும் தெளிவாக இருந்தன. பீத்தோவன் தெரியும். எக்மாண்ட் யார்?

தபால் ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். வெளிநாட்டுக் கவர்களில் எத்தனையோ ஊர்ப் பெயர்களைப் பார்த்திருக்கிறேன்; வரலாறு மட்டும் பள்ளிக்கூடத்திலேயே பிடிக்காத பாடம். ஆகவே எக்மாண்டை அப்படியே விட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

மேலே சுழலும் தட்டத்தை இரண்டு கையாலும் நேராகத் தூக்கினால் வந்துவிடுகிறது. அதன் கீழே பலகையில் நாலு ஸ்க்ரூ. பலகையோடு மோட்டார் முழுதும் வெளியே வரும். மோட்டார் என்றாலும் உள்ளே இருப்பது ஒரு பித்தளை டப்பாவும் அதற்குள் சுருட்டிய எஃகுப் பட்டையும்தான். சாவியைத் திருகினால் கனமே இல்லாமல் சுற்றியது. பட்டை அறுந்துவிட்டது என்று அர்த்தம். அறுந்த ஸ்பிரிங்கில் இழுவிசை ஏது என்று நினைத்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மூடியை நெம்பினேன். அறுந்திருந்தாலும் பதினோரு அடிப் பட்டை ஒரு கைப்பிடி டப்பாவுக்குள் அடைந்து கிடக்கிறது என்பதை யோசிக்கவில்லை. படாரென்று வெளியே வந்தது. அந்த மூன்று தையல் அப்போது போட்டதுதான்.

கையில் கட்டோடு தென்காசிக்குப் போய், சுவர்க்கடிகாரம் பார்க்கும் அண்ணாச்சியிடம் காட்டினேன். எழுபதைத் தாண்டியவர். என் கையைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். "தம்பி, இத பாம்புன்னு நெனச்சுக்கிடணும். தோல் கையுறை போட்டு, சாக்குக்குள்ள வச்சுத்தான் தெறக்கணும்" என்றார். கையுறை 60 ரூபாய். முதலிலேயே வாங்கியிருக்கலாம்.

பட்டையில் இருந்த பழைய கிரீஸ் தார் மாதிரி இறுகியிருந்தது. டீசலில் இரண்டு ராத்திரி ஊற வைத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அடி அடியாகத் தேய்த்தேன். அளந்தபோது அகலம் 25 மி.மீ.; வெளி முனையிலிருந்து ஆறு அங்குலத்தில் அறுந்திருந்தது. உள் முனையில் அறுந்திருந்தால் தலைவலி. வெளி முனை என்பதால், அறுந்த இடத்தைச் சீராக வெட்டி, டப்பாவில் இருக்கும் கொக்கியில் மாட்டப் புதுத் துளை போட்டால் போதும். எஃகில் துளை போட முதலில் அந்த முனையைச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். காய்ச்சினேன். பிறகு அவசரத்தில் வாளித் தண்ணீரில் முக்கினேன். கொல்லன் பட்டறையில் பார்த்த பழக்கம். அது இரும்பை இறுக்குவதற்குச் செய்வது என்பது துளை போடப்போய், பட்டை கண்ணாடி மாதிரி உடைந்தபோதுதான் உறைத்தது. இன்னும் இரண்டு அங்குலம் போயிற்று. இரண்டாம் தடவை காய்ச்சி, அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து, காலை வரை தானாக ஆற விட்டேன். லேத் பட்டறையில் 6 மி.மீ. துளை போட்டுக் கொடுத்தார்கள், 150 ரூபாய். வட்டத் துளையைச் சின்ன அரத்தால் ஒரு பக்கம் நீட்டி, கொக்கி தலை நுழையும் அளவுக்குப் பேரிக்காய் வடிவமாக்கிக்கொண்டேன்.

திரும்ப டப்பாவுக்குள் சுருட்டுவது ஒருவரால் ஆகாது. மனைவி டப்பாவை அழுத்திப் பிடிக்க, நான் வெளி முனையிலிருந்து ஒவ்வொரு சுற்றாக உள்ளே தள்ளினேன். இருவரும் பேசிக்கொள்ளாமல் செய்த முக்கால் மணி நேரம். ஒரு சுற்று கிராஃபைட் கிரீஸ், ஒரு சுற்று பட்டை. எட்டு அங்குலம் குறைந்த பட்டை எத்தனை நேரம் ஓடும் என்பதுதான் கவலை. ஓட்டிப் பார்த்ததில், நாற்பது சுற்று சாவி கொடுத்தால் பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம், அதாவது நாலு நிமிடமும் கொஞ்சமும், தாங்கியது. அதற்கு மேல் இழுவத் தொடங்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு தடவை சாவி என்று முடிவு செய்தேன்.

அந்த இரண்டு ராத்திரி டீசல் ஊறலில்தான் எக்மாண்டைத் தேடத் தொடங்கினேன். ஊர் நூலகத்தில், நேரு சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்கள் இருந்தன. நெதர்லாந்தின் போராட்டத்துக்கென்றே அதில் ஒரு கடிதம் உண்டு. அங்கிருந்து ஆங்கிலத்தில் ஒரு தடித்த புத்தகம், அகராதி, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு வரைபடம் என்று போனது. இன்றைய பெல்ஜியமும் நெதர்லாந்தும் அன்று ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் கையில் இருந்த ஒரே தாழ்நிலம் என்பது புரியவே ஒரு வாரம் ஆயிற்று. அதுவரை பிரஸ்ஸல்ஸும் ஆம்ஸ்டர்டாமும் எப்படி ஒரே கதைக்குள் வருகின்றன என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது கவர்னர். மூன்று சின்ன ஈயக் குண்டுகள் சுழன்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி. அதில் உரசும் தோல் துண்டு கட்டையாகக் காய்ந்திருந்தது. ஃபெல்ட் துணி நறுக்கி வைத்து ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். அவ்வளவுதான், அரை மணி வேலை.

சவுண்ட் பாக்ஸ்தான் என்னை ஒரு மாதம் அலைக்கழித்தது. ஊசியின் அசைவு ஒரு மெல்லிய மைக்கா தகட்டுக்குப் போகிறது. அந்தத் தகடு அதிர்ந்தால்தான் சத்தம். தகட்டின் விளிம்பை இரண்டு பக்கமும் ரப்பர் வளையம் பிடித்திருக்க வேண்டும். பழைய வளையம் தொட்டதும் மிளகாய் வற்றல் மாதிரி நொறுங்கியது. ஹார்டுவேர் கடையில் 120 ரூபாய்க்குச் சிலிக்கான் ட்யூப் வாங்கி விளிம்பு முழுக்கத் தடவினேன். காய்ந்த பிறகு போட்டால், கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு யாரோ பாடுகிற மாதிரி இருந்தது. தகடு அசையவே இடமில்லை. பிளேடால் சுரண்டி எடுக்க இரண்டு நாள். மைக்காவின் ஓரத்தில் ஒரு அடுக்கு உரிந்தும் போனது.

வழி சொன்னது மறுபடியும் அண்ணாச்சி. சைக்கிள் வால்டியூப்! பத்து ரூபாய்க்கு ஒரு முழம் கொடுத்தார்கள். தகட்டின் விட்டம் 46 மி.மீ. 14 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, முனைகள் இடைவெளி இல்லாமல் முட்டும்படி உள்ளே உட்கார வைத்தேன். மூடி ஸ்க்ரூவை இறுக்குவதில்தான் சூட்சுமம். இறுக்கினால் அடித்தொண்டைக் குரல் செத்துவிடும். தளர விட்டால் வண்டு மாதிரி இரையும். கால் சுற்று, கேட்டுப் பார், கால் சுற்று. தகட்டின் நடுவில் ஊசித்தண்டு சேரும் இடத்தில் ஒரு பொட்டுத் தேன்மெழுகு. அன்றைக்கு ராத்திரி பதினொன்றரைக்குப் பலியாடு முதன்முதலாகத் தெளிவாகப் பாடியது.

அது என்ன பாட்டு என்று எனக்குத் தெரியவில்லை. நாலு வயலின் வகைக் கருவிகள், மெதுவாக, கோயிலில் நின்று கேட்கிற மாதிரி ஒரு மெட்டு. திரும்பத் திரும்ப அதே மெட்டு, ஒவ்வொரு தடவை ஒவ்வொரு கருவியிடம். மறுநாள் பகவதிபுரத்திலிருந்து என் பழைய நண்பர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற மலையாளி, பேரனோடு வந்திருந்தார். பையனுக்குப் பதினாலு வயது; உலகக் கோப்பை ஒரு ஆட்டம் விடாமல் பார்ப்பவன். பத்து விநாடி கேட்டான். "தாத்தா, இது ஜெர்மனி பாட்டு. மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பாடுவாங்க."

அப்படித்தான் பலியாட்டுக்குப் பெயர் கிடைத்தது. ஆஸ்திரிய இசையமைப்பாளர் யோசப் ஹைடன் எழுதிய நால்வர் இசையின் இரண்டாம் பகுதி. மெட்டு ஜெர்மனிக்காக எழுதப்பட்டதே அல்ல. லண்டனில் இங்கிலாந்து மன்னருக்கான வாழ்த்தைக் கேட்டுவிட்டு, நம் பேரரசருக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று ஆஸ்திரியாவின் பிரான்சிஸுக்காக 1797-இல் ஹைடன் எழுதியது. அப்போது ஆஸ்திரியா பிரான்சோடு போரில் இருந்தது. வேறொருவர் 1841-இல் அந்த மெட்டுக்கு ஜெர்மன் வரிகள் எழுதினார். 1922-இல் அது ஜெர்மனியின் கீதம் ஆனது. பையனிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்டது: "அப்ப ஆஸ்திரியாக்காரங்க சும்மாவா விட்டாங்க?" நல்ல கேள்வி. அவர்களும் அந்த மெட்டை வெகு காலம் வைத்திருந்தார்கள். இப்போது அவர்களுடையது வேறு.

ஊசி. இதில் நான் செய்த பாவங்கள் அதிகம். தையல் ஊசியை ஒடித்து மாட்டினேன். ஒரு மலையாள நாடகப் பாட்டின் முதல் அரை நிமிடம் சாம்பல் நிறக் கோடாக மாறியது. கிராமபோனுக்கான ஊசி வேண்டுமென்றே மெத்தென்ற எஃகில் செய்தது. தட்டில் அரக்கோடு கல்தூளும் கலந்திருக்கிறது. அது ஊசியை அரைத்துத் தன் பள்ளத்துக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவரும். தேய வேண்டியது ஊசி, தட்டு அல்ல. சவுண்ட் பாக்ஸைச் சமையலறைத் தராசில் வைத்தால் 128 கிராம். அத்தனை கனமும் ஒரு முனையில் உட்காருகிறது. அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி, பிறகு தூக்கி எறி என்பது கணக்கு. ஒரு ஊசியை நாலு பக்கத்துக்கு ஓட்டும் சிக்கனம் தட்டைத் தின்றுவிடும்.

அந்தக் காலத்தில் கள்ளி முள்ளையும் ஊசியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று படித்ததும், குளத்துக்கரைக்குப் போய் வேலிக்கருவை முள் ஒரு கொத்து ஒடித்து வந்தேன். உலர்த்தி, உப்புத்தாளில் கூராக்கி மாட்டினால், ஆச்சரியம், பாடியது! சத்தம் பாதிதான், ஆனால் இரைச்சலும் பாதிதான். இரண்டாம் நிமிடத்தில் முனை மழுங்கி எல்லாம் கொழகொழவென்று ஆனது. ராத்திரி அக்கம்பக்கம் தூங்கும்போது கேட்க இன்னும் முள்தான். மற்ற நேரத்துக்கு எஃகு ஊசி நூறு கொண்ட ஒரு டப்பாவை 650 ரூபாய்க்குத் தபாலில் வரவழைத்தேன்.

தட்டைக் கழுவியது தனிக் கதை. கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருந்த சானிட்டைசரைப் பஞ்சில் நனைத்து, தமிழ் நாடக வசனத் தட்டு ஒன்றைத் துடைத்தேன். பஞ்சு கறுப்பானது. அழுக்கு நன்றாக வருகிறது என்று இன்னும் அழுத்தித் துடைத்தேன். பஞ்சு மேலும் கறுப்பானது. ஜன்னல் வேலைக்கு வந்திருந்த தச்சர் பார்த்துவிட்டு, "ஐயோ, அரக்குல ஸ்பிரிட்டு ஊத்துறீங்களே சார்" என்றார். அவர் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே கதவுக்குப் பாலிஷ் போடுகிறார். நான் துடைத்தது அழுக்கை அல்ல, தட்டையே. அந்தத் தட்டில் இரண்டு பேர் ஏதோ சண்டை போட்டுச் சிரிக்கும் வசனம் இருந்தது. இப்போது புயல் காற்றுக்குள் இருவர் பேசுவது போல இருக்கிறது. பெட்டியிலேயே இருந்த ஒரே நகைச்சுவைத் தட்டு. இதை நினைத்தால் கையில் பட்ட வெட்டைவிட அதிகமாக வலிக்கிறது. பிறகு எல்லாவற்றையும் பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, லேபிளில் ஈரம் படாமல், வட்ட ஓட்டத்தில் பிரஷ் போட்டுக் கழுவினேன். நிமிர்த்தி நிழலில் காய வைத்தால் போதும்.

கடைசி வேலை வேகம். தட்டம் நிமிடத்துக்கு 78 சுற்ற வேண்டும். ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினால் 86. சுருதி முக்கால் கட்டைக்கு மேல் ஏறியிருக்கிறது. நான் இத்தனை நாளும் ஓடிக்கொண்டே பாடும் ஹைடனைத்தான் கேட்டிருக்கிறேன். கண்ணால் எண்ணுவது நுணுக்கமாக வராது. அதற்கு ஒரு வழி உண்டு. நம் கரண்ட் 50 சைக்கிள். பல்பு விநாடிக்கு 100 தடவை மினுங்குகிறது. வட்டமான தாளில் சம இடைவெளியில் 77 கறுப்புக் கோடு போட்டுச் சுழல விட்டால், சரியான வேகத்தில் கோடுகள் நின்றுவிட்டதாகத் தெரியும். வேகம் கூடினால் கோடுகள் முன்னால் நகரும், குறைந்தால் பின்னால். ஜெராக்ஸ் கடைப் பையன் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தான், பத்து ரூபாய்.

வீட்டில் வைத்துப் பார்த்தால் ஒரே சாம்பல் வட்டம். ஸ்க்ரூவை எப்படித் திருகினாலும் கோடே தெரியவில்லை. இரண்டு ராத்திரி கவர்னரைக் கழற்றி மாட்டினேன். தப்பு கவர்னரில் இல்லை, விளக்கில். எங்கள் வீட்டு எல்.இ.டி. பல்பு மினுங்குவதில்லை. பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையில் கனமான சோக் போட்ட பழைய டியூப்லைட் ஒன்று இருந்தது. கிராமபோனை அங்கே தூக்கிக்கொண்டு போய், இரண்டு மாடுகளின் முன்னிலையில், ஸ்க்ரூவை அரைக்கால் சுற்று திருகினேன். கோடுகள் தயங்கி, தயங்கி, நின்றன.

சரி, கருவி தயார். இனி கேட்க வைப்பது. இதையும் நான் பழுது பார்க்கும் வேலை மாதிரியே மூன்று தடவை செய்தேன்.

முதல் ஞாயிறு, தட்டைப் போடுவதற்கு முன்னால் படித்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று ஆசை. இரண்டாம் பிலிப், ஆல்பா பிரபு, மதச் சண்டை, வரி என்று போய்க்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா அடுப்பில் பால் வைத்திருப்பதாக எழுந்தார், திரும்பவில்லை. நாற்பது நிமிடம் ஆனபோது அண்ணாச்சி மட்டும் இருந்தார், அவரும் தென்காசி பஸ்ஸுக்காக. அதோடு ஒரு தப்பும் சொன்னேன்: பீத்தோவன் இதை நெப்போலியனுக்காக எழுதிப் பிறகு பெயரைக் கிழித்தார் என்று. அது மூன்றாம் சிம்பனி. 1804-இல் நெப்போலியன் தன்னைப் பேரரசன் என்று அறிவித்த செய்தி வந்ததும், பீத்தோவன் அதன் முதல் பக்கத்தைக் கிழித்ததாக அவருடைய சீடர் ரீஸ் எழுதி வைத்திருக்கிறார். எக்மாண்ட் ஐந்தாறு வருஷம் பின்னால் வந்தது. அடுத்த வாரம் திருத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

இரண்டாம் ஞாயிறு வாயே திறக்கவில்லை. தட்டு ஓடியது. "நல்லாருக்கு சார்" என்று காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது தடவை சரியாக வந்ததற்குக் காரணம் சாவிதான். முதல் பக்கம் நாலு நிமிடத்தில் பாதியில் அறுந்து நிற்கும். தட்டைத் திருப்பி, ஊசியை மாற்றி, நாற்பது சுற்று கொடுக்க ஒன்றரை நிமிடம் ஆகும். அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் அடங்குவதை மட்டும் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே சொன்னேன்: எக்மாண்ட் ஒரு பிரபு. 1557-இலும் 1558-இலும் ஸ்பெயின் மன்னருக்காகப் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து இரண்டு பெரிய போரில் ஜெயித்துக் கொடுத்தவர். பத்து வருஷம் கழித்து அதே மன்னர் அனுப்பிய ஆல்பா பிரபு, 1568 ஜூன் 5 அன்று, பிரஸ்ஸல்ஸ் சந்தைத் திடலில் அவர் தலையை வெட்டச் செய்தார். இப்போது கேட்கப் போவது அந்த இடம்.

இரண்டாம் பக்கம். கருவிகள் எல்லாம் ஏறி ஏறிப் போகின்றன. திடீரென்று வயலின்கள் மட்டும் மேலிருந்து கீழே இரண்டே ஸ்வரம் வெட்டி நிறுத்துகின்றன. நிசப்தம். வெட்டுப் பட்டது அங்கேதான் என்று கேட்பவர்கள் பலர் சொல்வதுண்டு. என் தட்டில் ஒரு மயிரிழை விரிசல் இருப்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம். அந்த நிசப்தத்தில் அது மட்டும் கேட்டது. பிறகு மெல்லிய மூச்சு மாதிரி சில நீண்ட ஸ்வரங்கள். அப்புறம் அடித்தளத்திலிருந்து எழுந்து, ஊரே எழுந்து நடக்கிற மாதிரி ஒரு முடிவு. செத்த பிறகு எதற்கு வெற்றி இசை என்று அக்கா கேட்டார். (அன்று பால் வைக்காமல் வந்திருந்தார்.) இந்த இசை ஜெர்மன் கவிஞர் கோதே எழுதிய நாடகத்துக்கானது; அந்த நாடகமே வெற்றி இசையோடுதான் முடிய வேண்டும் என்று கேட்கிறது. எக்மாண்ட் செத்ததில் அந்த நாட்டுக் கலகம் இன்னும் பற்றிக்கொண்டது. 1648 வரை எண்பது வருஷம் சண்டை.

கோதே வரலாற்றில் கை வைத்திருக்கிறார் என்பதையும் சொன்னேன். நாடகத்து எக்மாண்ட் ஒரு சாதாரணப் பெண்ணைக் காதலிக்கும் வாலிபன். நிஜத்தில் அவருக்கு 45 வயது, மனைவி, வீடு நிறையப் பிள்ளைகள். "புள்ளகுட்டிக்காரன வெட்டுனதுதான் இன்னும் கொடும, அதையே வச்சிருக்கலாம்" என்றார் அக்கா. கோதேயிடம் சொல்ல வேண்டிய கருத்து.

அண்ணாச்சிக்கு அந்த 'டிக்' பிடித்துவிட்டது. கடிகாரக்காரர் அல்லவா.

1809 என்ற ஆண்டுதான் எனக்குக் கிடைத்த பெரிய பிடி. அந்த மே மாதம் நெப்போலியனின் பீரங்கிகள் வியன்னாவைத் தாக்கின. பீத்தோவன் தம்பி வீட்டு நிலவறையில், ஏற்கெனவே கெட்டுக்கொண்டிருந்த காதுகளைத் தலையணையால் பொத்திக்கொண்டு கிடந்தார். அதே ஊரில் 77 வயது ஹைடன் படுக்கையில். நெப்போலியன் அவர் வீட்டு வாசலில் மரியாதைக் காவல் போட்டார். ஹைடனோ தினமும் பியானோவிடம் தூக்கிப் போகச் சொல்லி, எதிரிப் படை நிறைந்த ஊரில், தன் பேரரசருக்கு எழுதிய அந்த மெட்டையே வாசித்தார். மே 31 அன்று போய்விட்டார். அடுத்த ஜூனில் அதே வியன்னாவில் எக்மாண்ட் இசை அரங்கேறியது. என் மரப்பெட்டியில் ஒட்டிக்கொண்டு கிடந்த இரண்டு தட்டும் ஒரே ஊரின் ஒரே பயத்திலிருந்து வந்தவை. அதை யாரும் சொல்லி எனக்குத் தெரியவில்லை, லேபிள் கிழிந்த தட்டில் பையன் ஒரு பாட்டைக் கண்டுபிடித்ததால் தெரிந்தது.

கேள்வி அதோடு நிற்கவில்லை. நண்பர் கேட்டார்: "அந்த டச்சுக்காரன்தானே நம்ம குளச்சலில் அடி வாங்கினது?" அவனேதான். ஸ்பெயினோடு சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, 1602-இல், தாழ்நிலத்தின் வட பகுதிக்காரர்களான டச்சுக்காரர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிவிட்டார்கள். 1663-இல் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தார்கள். 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றார்கள். அங்கே அவர்களிடம் வேலை பார்த்த டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படையிலேயே சேர்ந்து, அதை ஐரோப்பிய முறையில் பழக்கி, 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கி, 1777-இல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் புதைக்கப்பட்டார். கல்லறையில் லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் நாங்களும் அந்தச் சமஸ்தானத்துச் சனங்கள்தான். என் அப்பா கடைசி வரை திருவனந்தபுரத்தைத்தான் 'ஊர்' என்பார்.

செலவுக் கணக்கு: பெட்டி 2,800, கிரீஸ் 180, டீசல் 50, லேத் 150, கையுறை 60, வீணாய்ப் போன சிலிக்கான் 120, வால்டியூப் 10, ஃபெல்ட் 40, ஊசி 650, தண்ணீர் 30, ஜெராக்ஸ் 10. மொத்தம் 4,100. தையல் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

மறுபடி செய்தால், சவுண்ட் பாக்ஸில்தான் தொடங்குவேன்; ஸ்பிரிங் சரியில்லாவிட்டாலும் தட்டத்தை விரலால் சுற்றியே அதைச் சோதித்திருக்க முடியும், ஒரு மாதம் மிச்சம். ஸ்பிரிங்கைத் தண்ணீரில் முக்க மாட்டேன். எந்தப் புதுத் திரவமானாலும் உடைந்த தட்டில் தடவிப் பார்க்காமல் நல்ல தட்டுக்குக் கொண்டு போக மாட்டேன். உடைந்த தட்டு ஒன்று கையிலேயே இருந்தது, அதற்கு வேறு என்ன வேலை.

தீராத குறை இரண்டு. மைக்கா உரிந்த ஓரத்தால் உச்ச ஸ்தாயியில் ஒரு கரகரப்பு. அப்புறம், சாவி முப்பதாம் சுற்றில் ஒரு இடத்தில் 'டொக்' என்கிறது; துளையை நான் அரத்தால் நீட்டியது கொஞ்சம் அதிகம் என்று சந்தேகம். இன்னொரு தடவை அந்தப் பாம்பைத் திறக்க இப்போதைக்குத் தெம்பில்லை.

போன ஞாயிறு தட்டு முடிந்ததும் அண்ணாச்சி பஸ்ஸுக்கு எழுந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டு, "அந்த வெட்டுற எடம் மட்டும் இன்னொரு மட்டம் போடு தம்பி" என்றார். நடுவில் இறக்கினால் பள்ளம் கெடும், முதலிலிருந்துதான் போட வேண்டும், புது ஊசியும் வேண்டும் என்றேன். "சரி, போடு. அடுத்த பஸ்ஸு ஏழு இருபதுக்கு." டப்பாவில் இன்னும் 62 ஊசி இருக்கிறது.